கணவாய் வழி வரும் அரிசி

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். உணவுத் தானியத்தைப் பொறுத்தவரையில் கேரளமும் ஒரு தீவு போன்றதே. மேற்கே கடல், கிழக்கே மலைத்தொடர். உண்ணும் அரிசியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அம்மாநிலம் தானே விளைவிப்பதில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும், குமுளி, போடிமெட்டு முதலிய மலைப்பாதைகள் வழியாகவும் வந்து சேர்கிறது.

இக்குறை இன்று தோன்றியதன்று. முன்னாளில் திருவிதாங்கூரும் கொச்சியும் பர்மா அரிசியை நம்பி வாழ்ந்தன. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று, கப்பல்கள் நின்றன, மரவள்ளிக் கிழங்கே ஏழைகளைக் காத்தது. உணவுப் பயிர் பெருக்கும் பொருட்டு, இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைக்காடுகள் குடியேறியவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நாளடைவில் அந்நிலங்களில் ஏலமும் மிளகும் இடம்பிடித்தன.

1957-இல் தென்மாநிலங்கள் நான்கும் ஒரே உணவு மண்டலமாக இணைக்கப்பட்டன. 1964-இல் அது கலைக்கப்பட்டதும் கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு முற்றியது. எனவேதான் பங்கீட்டுக் கடை அங்கே வீட்டுக்கு வீடு வேரூன்றியது.

இங்கு ஓர் உண்மையை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1895 முதல் பெரியாற்று நீர் கிழக்கே பாய்ந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவிக்கிறது. பரம்பிக்குளம் - ஆழியாறு உடன்படிக்கையின்படி வரும் நீரோ சித்தூர் வயல்களை நனைக்கிறது. ஆகவே எல்லையின் இருபுறத்தாரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்களே.

கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப்படும் பாலக்காட்டிலும் வயல்கள் சுருங்கியுள்ளன. 1970-களில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த மாநிலத்து நெற்பரப்பு, இன்று ஏறக்குறைய 2 லட்சமே. கூலி உயர்ந்தது, நெல்லைவிட ரப்பரும் வீட்டுமனையும் மிகுந்த வருவாய் தந்தன. வயல்களைத் தூர்ப்பதைத் தடுக்க 2008-இல் சட்டம் இயற்றப்பட்டது.

அரிசி கிடைத்தால் மட்டும் போதுமா? அட்டப்பாடி மலையில் இருளர் முதலிய பழங்குடியினர் கேழ்வரகும் சாமையும் விளைத்து உண்டனர். நிலம் கைமாறிப் பயிர் குன்றியபின் பங்கீட்டு அரிசியே பேருணவாயிற்று. 2013-இல் அங்கே பச்சிளங் குழந்தைகள் பலர் மாண்டனர். தாய்மாரின் ஊட்டக்குறைவு அதற்கு முக்கிய காரணமெனக் கண்டறியப்பட்டது. பின்னரே சிறுதானியச் சாகுபடிக்கு அரசு புத்துயிர் அளிக்க முற்பட்டது.

வெளியிலிருந்து வரும் தானியம் பசியை ஆற்றும். ஆயினும் உள்ளூர் வயலுக்கு அது ஈடாகாது. எஞ்சியுள்ள வயலையும் மலைத்தானியத்தையும் பேணுவோர்க்கு உரிய விலை கிடைக்கச் செய்வதே நாம் மேற்கொள்ளத்தக்க வழியாகும்.