மைதானத்துக்குக் கிளம்பறீங்களா? மூணு கேள்வி கேளுங்க!

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ம் தேதி, சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி. லட்சக்கணக்கானோர் காலையிலிருந்தே மணலில் காத்திருந்தார்கள். அன்று 5 பேர் உயிரிழந்தார்கள். வெயில் கொடுமையும் தண்ணீர் கிடைக்காததும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன.

"கூட்டம்னா அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா? கிளம்புமுன் மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

நிழல் இருக்கிறதா?

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், சீக்கிரம் உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதய நோயாளிகள், சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உச்சி வெயிலில் திறந்தவெளியில் நிற்கவே வேண்டாம்.

தண்ணீர், கழிப்பிடம் உண்டா?

"அங்கே எங்கே போறது?" என்று பயந்து, பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ரொம்பத் தப்பு! கழிப்பிடம் இல்லாத இடத்தில் மணிக்கணக்காக இருக்காதீர்கள். உப்பு, இஞ்சி, பெருங்காயம் சேர்த்த நீர்மோர் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள். பானகமும் நல்லதுதான், சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம்.

வெளியே வர வழி எது?

2022-ல் தென்கொரியாவின் சியோல் நகரில், இதேவான் பகுதியின் குறுகலான சந்து ஒன்றில் 150 பேருக்கு மேல் நெரிசலில் மாண்டார்கள். இத்தகைய நெரிசலில் மிதிபடுவதைவிட, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டுவதே பெரும்பாலும் உயிரைக் குடிக்கிறது. நாலு பக்கமும் தோள் உரசுகிறதா? நகர முடிகிறபோதே ஓரமாக வெளியேறுங்கள். மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள்.

இந்த அறிகுறி தெரிந்தால்...

உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறதா? பேச்சு குழறுகிறதா? ஆள் தள்ளாடுகிறாரா? அது 'சன் ஸ்ட்ரோக்' ஆக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மோர், தண்ணீர், மருந்து எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிதான் சரி.