ஏழாம் நம்பர் பெட்டி

ஒரு ஹோட்டல் சமையலறையில் எலிக்கு மொத்தம் 14 பெட்டி வைத்திருந்தோம். உணவுப் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வந்தவர் எங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "ஏழாம் நம்பர் எங்கே இருக்கு?" என்று கேட்டார். ரிஜிஸ்டரில் வாராவாரம் 'பார்த்தாச்சு, சரி' என்று இருந்தது. தேடிப் போனால் அங்கே புது ஃப்ரீசர் நிற்கிறது. பெட்டியைத் தூக்கி எறிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த 'சரி'யை எழுதியது நான்தான். மதுரையில் என் வீட்டுக்காரரும் நானும் பூச்சி மருந்து அடிக்கும் தொழில் நடத்துகிறோம். வேலைக்கு ஆறு பையன்கள், நாலு பைக். அவர் சைட்டைப் பார்ப்பார். பில், லைசென்ஸ், ஃபைல் எல்லாம் என் பாடு. ராத்திரி பையன்கள் வந்து வாயால் சொல்வார்கள், நான் ஒரே பேனாவில் எழுதி முடிப்பேன்.

இந்தத் தொழிலில் எழுதி வைக்க வேண்டியது நிறைய. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971 விதிகளும்தான் எங்களுக்கு அடிப்படை. லைசென்ஸ் கேட்பவருக்கு விவசாயத்திலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் வேண்டும். அதோடு மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) மாதிரி இடத்தில் 15 நாள் பயிற்சியும் வேண்டும். மருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பது நச்சின் கடுமையைச் சொல்லும். நேற்றுவரை அடித்த மருந்து நாளைக்குத் தடையாகலாம். டைகுளோர்வாஸ் அப்படித்தான் 2020 டிசம்பர் 31-ஓடு போனது.

அக்கா மகன் கணினி படித்தவன். "சித்தி, இதுக்கு ஒரு ஆப் பண்ணிடலாம்" என்றான். மூன்று மாதத்தில் செய்தும் கொடுத்தான். நிரப்ப மொத்தம் 22 கட்டங்கள். தை மாதம் நல்ல நாள் பார்த்துத் தொடங்கினோம். நாலாம் நாள் பார்த்தேன். எல்லாப் பதிவும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல். எல்லா வீட்டுக்கும் அஞ்சு லிட்டர். நான் நோட்டில் எழுதிய கதையை இப்போது பையன்கள் போனில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

திட்டலாம் என்று மூத்த பையனைக் கூப்பிட்டேன். அவன் கையுறையைக் காட்டினான். "அக்கா, இதோட போனைத் தேய்ச்சா வேலை செய்யாது. கழட்டித் தேய்ச்சா மருந்து போன்ல ஒட்டும். அதே போனைத்தான் வீட்ல புள்ள வாங்கி விளையாடுது."

எனக்குப் பேச்சு வரவில்லை.

திரும்ப முதலிலிருந்து செய்தோம். கையுறை போடும் முன் டப்பா லேபிளை ஒரு போட்டோ. பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அதிலேயே வந்துவிடும். கை கழுவிய பிறகு நாலே தட்டல். எலிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர். பெட்டி முன்னால் நின்றால்தான் ஸ்கேன் ஆகும். 'தின்னிருக்கு', 'தின்னலை', 'காணோம்' என்று மூன்றே பதில். 'சரி' என்பதை எடுத்துவிட்டோம்.

கரையான் வேலையில்தான் இந்த ஆப் நன்றாகக் கைகொடுத்தது. கட்டிய வீட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசல் இறக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. ஒன்பது மீட்டர் சுவர் என்றால் சுமார் 30 துளை, 30 லிட்டர் வரை. 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் மருந்து லிட்டருக்கு 2.1 மில்லி வீதம் 63 மில்லி. சுவர் நீளத்தைப் போட்டால் ஆப் இந்தக் கணக்கைச் சொல்லிவிடும். பையன் பத்து லிட்டர் என்று போட்டால் ஏன் என்று கேட்கும். மண் குடிக்கவில்லை என்பதும் நியாயமான பதில்தான். ஆனால் அதை அவன் சொல்ல வேண்டும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, எங்கள் தொழிலில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் ஆப்பில் இன்னொன்றும் சேர்த்தோம். என்ன மருந்து, எங்கே வைத்தோம், எந்த அறையில் எத்தனை நேரம் படுக்கக் கூடாது என்று வாடிக்கையாளருக்குத் தமிழில் மெசேஜ் போக வேண்டும், அவர் படித்ததாகத் தட்ட வேண்டும். அதுவரை பில் வராது. பணம் வராவிட்டால் அந்த மெசேஜ் என் வீட்டுக்காரருக்கே ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆப்பை மற்ற கம்பெனிகளுக்கும் கொடுக்கலாம் என்று, தெரிந்த பதினொரு பேரை டீக்குக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒருவர் பின்தேதி போட ஒரு பட்டன் கேட்டார். இல்லை என்றேன். சேமித்ததைத் திருத்தவும் முடியாது, கீழே விளக்கம் சேர்க்கலாம். "அப்போ இதுல எழுதுறது நாளைக்கு நமக்கே எதிரா நிக்குமே?" என்றார் இன்னொருவர். நிற்கும் என்றேன். மூன்று பேர் வாங்கினார்கள்.

அந்த ஹோட்டலில் ஏழாம் நம்பரைப் பின்வாசல் பக்கம் புதிதாக வைத்திருக்கிறோம். போன வாரம் பையன் அங்கிருந்து போன் பண்ணினான். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க யாரோ பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அப்புறம் எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

"அக்கா, காணோம்னு போடட்டுமா?"

"போடு" என்றேன்.