கட்சித் தலைவர் தூதரான கதை: ஜான் திவி

1922-ஆம் ஆண்டின் இந்தியப் புலம்பெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் அமர்த்தப்பட்டார். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு, துரைக்கும் கிராணிக்கும் மேலே போய் முறையிட, தொழிலாளர் இலாகாவை விட்டால் அவருடைய அலுவலகம்தான். தோட்டத்துக்கே வந்து லயத்தையும் சம்பளத்தையும் விசாரிப்பது ஏஜண்டின் வேலை. அந்தப் பொறுப்புக்கு இந்தியாவிலிருந்துதான் அதிகாரிகள் வந்தார்கள்.

1947-இல் இந்தியாவின் பிரதிநிதியாக அந்த இடத்துக்கு வந்தவர் மலாயாவிலேயே பிறந்தவர். கோலகங்சாரில் 1904-இல் பிறந்த ஜான் அலோசியஸ் திவி.

லண்டனில் சட்டம் படித்தபோது அவர் காந்தியைச் சந்தித்தார். திரும்பி வந்து வழக்கறிஞராக நிலைத்திருந்தால் வசதியான வாழ்க்கை கிடைத்திருக்கும். ஆனால் 1943 அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திரபோஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தபோது, ஆலோசகர்கள் பட்டியலில் திவியின் பெயரும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். மறுபக்கம், சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துப் போகப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் திவியைச் சிறையில் அடைத்தார்கள்.

விடுதலையான கையோடு, 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். குடியுரிமை விஷயத்தில் பிரிட்டிஷாரும் மலாய்த் தலைவர்களும் பேசி எடுத்த முடிவுகளை எதிர்த்து, தான் செங் லோக் தலைமையிலான கூட்டமைப்பில் கட்சி சேர்ந்தது. ஆங்கிலம் படித்தவர்களின் கையில் இருந்த அந்தக் கட்சிக்கும் லயத்துத் தமிழருக்கும் நடுவே தூரம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1955-இல் சம்பந்தன் தலைவரான பிறகுதான் அது தோட்டத்து மக்களின் கட்சியாக மாறத் தொடங்கியது.

அதற்கு வெகுகாலம் முன்பே திவி தலைமையை விட்டிருந்தார். நேருவின் அரசு அவரை மலாயாவுக்கான பிரதிநிதியாக நியமித்தது. பிறந்த மண்ணிலேயே இன்னொரு நாட்டின் தூதர்! அதிகாரிகளின் கதவு இப்போது அவருக்குத் திறக்கும். ஆனால் மேடையேறி முழங்கிய அரசியல்வாதியின் வாய்க்குத் தூதரக மரபு பூட்டுப் போட்டது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அந்தக் கட்டு இன்னும் இறுகியது.

மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைதானார். தஞ்சைப் பகுதியில் பிறந்து, இளவயதில் மலாயா வந்து, இந்திய தேசிய ராணுவத்திலும் இருந்தவர். அவசரகாலச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு மரண தண்டனை. இந்திய அரசு கருணை கேட்டுப் பார்த்தது. டில்லியிலிருந்து லண்டன் வரை முயற்சி நடந்தது. மே 4-ஆம் தேதி புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். போஸின் இயக்கத்தில் இருந்த இருவரில் ஒருவர் தூக்குமேடையில், இன்னொருவர் தூதர் நாற்காலியில். தூதர் பதவிக்கு எவ்வளவு வலிமை இருந்தது, எங்கே அது முடிந்துபோனது என்பதை இதைவிடக் கசப்பாகக் காட்டும் நிகழ்வு திவியின் காலத்தில் வேறில்லை.

பின்னாளில் அவர் மொரீஷியசில் இந்திய ஆணையராக இருந்தார். அங்கே ரப்பருக்குப் பதில் கரும்பு. தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. பிறகு இத்தாலியில் தூதர்.

1957-இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. கோலாலம்பூரில் இருந்த இந்தியப் பிரதிநிதியின் அலுவலகம் உயர் ஆணையகமானது. மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திர நாளன்றும் அதன் பிறகும் இந்த மண்ணில் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளைப் புதிய அரசியலமைப்பு குடிமக்களாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்களின் தாய் தகப்பன்மாரில் பலர் தனித்தனியே விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.