இரவே ஒலிபெருக்கி

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து நடந்தால், அடுத்த ஊர்ப் பெரியவர் பாயில் படுத்தபடியே சொல்லிவிடுவார்: “துகில் உரிஞ்சாச்சு, இனிமே சபதந்தான்.” நடுவில் ஒரு ஏரி, நாலைந்து கொல்லை, ஒரு பனந்தோப்பு இருக்கும். மைக் வராத காலத்திலும் அந்தக் குரல் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி?

முதலில் குரலுக்கு உரியவர்களைப் பார்ப்போம். கூத்து ஜமா என்பது சிறு குழு. வாத்தியார், வேஷக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியப் பெட்டி, முகவீணை, தாளம், அவ்வளவுதான். ஆடுகிறவர்களில் பலர் மற்ற நாட்களில் ஏர் ஓட்டுகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். டிக்கெட் கிடையாது. ஊர் கூடி வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ஜமாவை அழைக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். இந்த அம்மனுக்கு ஆதிக் கோயில் செஞ்சி அருகே மேலச்சேரியில் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் இவ்வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலும் செஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறது.

இனி ஒலி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. பகலில் நிலைமை இன்னும் மோசம். வெயிலில் தரை கொதிக்கும், தரையை ஒட்டிய காற்று சூடாகும், மேலே போகப்போகக் குளிரும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஆக, அலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை வானத்தைப் பார்த்து வளைந்துவிடுகிறது. தொலைவில் நிற்பவருக்குச் சரியாகக் கேட்காது.

இரவில் எல்லாம் தலைகீழ். மேகமில்லாத வானத்தின் கீழ் தரை சீக்கிரம் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, வெப்பமான காற்று மேலே நிற்கிறது. மேலே போக வேண்டிய ஒலி திரும்ப நிலத்தை நோக்கி வளைகிறது. காற்றடிக்காத, வறண்ட, தெளிந்த இரவாக இருந்தால் இது இன்னும் வலுவாக நடக்கும். விழுப்புரம் பக்கத்தில் அறுவடை முடிந்த பிறகு வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுகள்தான். யாரும் கணக்குப் போட்டு இந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்ததாக நான் நினைக்கவில்லை. வேலை ஓய்ந்த மாதம், கையில் நெல் இருக்கும் மாதம், அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். இயற்பியல் கூட வந்து சேர்ந்துகொண்டது.

சுருதியும் கைகொடுக்கிறது. நம் செவிக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அந்த நீளக் குழாய் நொடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியைத் தானே பெருக்கிக் கொடுக்கும். கூத்தாடிகள் எட்டுக்கட்டையில் பாடுவதும், நாகசுரத்தின் குட்டித் தம்பியான முகவீணை கீச்சென்று கூடவே ஓடுவதும் காதின் அந்த இடத்தைத்தான் தொடுகின்றன.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது பின்பாட்டு. வேஷக்காரர் ஓர் அடி பாடுகிறார். பின்னால் நிற்பவர்கள் அதையே திரும்பப் பாடுகிறார்கள். பிறகு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து “என்ன ராசா சொல்றீங்க?” என்று கேட்க, அதே சேதி வசனமாக மறுபடி வருகிறது. இரைச்சல் மிக்க வழியில் ஒரு செய்தி சிதையாமல் போக வேண்டுமென்றால் தேவைக்கு மேலாகவே சொல்ல வேண்டும் என்பதைக் கிளாட் ஷானன் 1948-இல் கணிதமாக்கினார். குழந்தை அழுகிற, நாய் குரைக்கிற களத்தில் நம் வாத்தியார்கள் அதைத் தொழிலாகவே செய்துவந்தார்கள்.

ஒளிக்கும் ஒரு கதை உண்டு. தீவட்டிக்குப் பின் வந்தது பெட்ரோமாக்ஸ். அதன் வலைத்திரியில் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு, ஒரு சிட்டிகை சீரியம். குமரிக்கடலோரம் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதை ஜெர்மானியர் ஷோம்பெர்க் 1909-இல் கண்டுகொண்டார். அந்த மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது இத்தகைய திரிகளுக்காகத்தான். அந்த ஒற்றை வெளிச்சத்தில்தான் கட்டைகள் உயிர் பெறும். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. ஒவ்வொரு துண்டும் விளக்கை ஒவ்வொரு திசைக்கு எறிகிறது. துரியோதனன் கிறுகிறுவென்று கிறிக்கி சுற்றும்போது களத்தின் எந்த மூலையில் இருப்பவர் கண்ணிலும் மின்னல் விழும். இருட்டுக்குப் பழகிய கண் ஓரத்தில் அசைகிற ஒளியை உடனே பிடித்துக்கொள்ளும்.

இப்போது களத்துக்கு மேலே மைக் தொங்குகிறது, நாலு பக்கமும் பட்டையான வெள்ளை வெளிச்சம். தொண்டைக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மைக் இருக்கும் இடத்தில் வேஷம் நின்றுவிடுகிறது, கிறிக்கி சுருங்குகிறது. பல திசையிலிருந்தும் பாயும் விளக்கில் கண்ணாடிகள் வெறும் ஒட்டுவேலையாகத் தெரிகின்றன. வசதி கூடியிருக்கிறது, கூத்து குறைந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

பங்குனியிலிருந்து ஆடிக்குள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒரு இரவு தங்குங்கள். சற்று நேரம் எழுந்து ஒரு கொல்லை தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள். திரும்பி வந்து, கட்டியங்காரன் அன்பளிப்பு அறிவிக்கும் நேரத்தில் கையில் இருப்பதைக் கொடுங்கள். ஜமாவுக்கு ஊர் வரியும் அந்தப் பணமும்தான் வருமானம்.