தங்கச் சுரங்கத்தில் புரோட்டானுக்குக் காவல்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது அஞ்செட்டி. சுற்றிலும் மலை, காடு.

மார்கழி மாதம் விடியற்காலையில் பனி மூடியிருக்கும்போது, தெருக்கோடியில் எரியும் விளக்கைப் பாருங்கள். தூரத்தில் நின்றால் மினுக்மினுக்கென்று தெரியும். கிட்டப் போகப் போக வெளிச்சம் கூடும். அடியில் போய் நின்றால் கண் கூசும்.

பனி இல்லாத நாளிலும் தூரத்து விளக்கு மங்கும்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பனி நாளில் அதற்கு மேலும் மங்குகிறது அல்லவா? அந்த அதிகப்படி மங்கல்தான் நம் கதை.

அணுவுக்குள்ளும் இப்படி ஒரு பனி உண்டு. அதை வைத்து விஞ்ஞானிகள் ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். "எல்லாப் பொருளும் ஒரு நாள் அழிந்தே தீரும்" என்று அந்தக் கணக்குச் சொன்னது!

அது மெய்யா பொய்யா என்று பார்க்கக் காவல் வைத்த இடம் எங்கோ அமெரிக்காவில் மட்டும் இல்லை. அஞ்செட்டிக்கு வடகிழக்கே, எல்லைக்கு அப்பால், நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கோலார் தங்கவயலிலும் காவல் வைத்தார்கள்.

இரண்டு வகைப் பனி

எலெக்ட்ரான் என்ற துகளில் மின்சாரம் இருக்கிறது. அதைச் சுற்றி வெற்றிடம் என்று நினைக்கிறோம். அதுதான் இல்லை! அந்த இடத்தில் சிறு துகள்கள் ஜோடி ஜோடியாகத் தோன்றுகின்றன, உடனே மறைகின்றன. இவை பனி போல எலெக்ட்ரானை மூடிக்கொள்கின்றன.

தூரத்திலிருந்து அளந்தால் மின்விசையின் பலம் 137-ல் ஒரு பங்கு என்ற கணக்கு வருகிறது. ஜெனீவா நகருக்குப் பக்கத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கப் பாதையில் துகள்களை மோதவிட்டு, மிக மிகக் கிட்டத்தில் அளந்தார்கள். அங்கே அது சுமார் 128-ல் ஒரு பங்கு ஆகிவிட்டது. பனியைத் தாண்டி உள்ளே போனதால் பலம் கூடிவிட்டது.

அணுவின் கருவைக் கட்டிப் போட்டிருக்கும் விசை வேறொன்று. அதற்குப் பலத்த விசை என்று பெயர். அதன் பனியோ விசித்திரமானது. அந்தப் பனியே ஒளி விடும்! தூரத்திலிருந்து பார்த்தால் பனியும் விளக்கும் சேர்ந்து ஜொலிக்கும். உள்ளே போகப் போக ஜொலிப்பு குறையும். அதாவது, கிட்டப் போனால் பலத்த விசையின் பலம் குறைகிறது. 1973-ல் கிராஸ், வில்செக், பொலிட்ஸர் என்ற மூன்று அமெரிக்கர்கள் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2004-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கணக்கு முறைக்கு 'ரீநார்மலைசேஷன் குரூப்' என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். விஷயம் என்னவோ நம் தாலுகா ஆபீசில் நடப்பது போன்றதே.

கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கு எடுப்பார்கள். தாலுகாவுக்குப் போகும்போது வீட்டுக் கணக்கு போய்விடும்; கிராமத் தொகை மட்டும் நிற்கும். கலெக்டர் ஆபீசில் தாலுகாத் தொகை மட்டும். ஒவ்வொரு படியிலும் சின்ன விவரங்கள் தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. அணுவின் கணக்கிலும் இப்படிப் படிப்படியாகப் போகலாம் என்று காட்டியவர் கென்னத் வில்சன். 1982-ல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றும் ஒன்றாகுமா?

இப்போது பாருங்கள். ஒரு விசை கிட்டப் போனால் ஏறுகிறது. இன்னொன்று இறங்குகிறது. அப்படியானால் எங்கேயாவது சந்திக்க வேண்டும் அல்லவா?

1974-ல் ஜார்ஜை, ஹெலன் குவின், வெயின்பெர்க் மூவரும் இதைக் கணக்கிட்டார்கள். மின்விசை, பலத்த விசை, பலவீன விசை மூன்றும் ஓரிடத்தில் ஒன்றாகும் என்று விடை வந்தது. அந்த இடம் புரோட்டானின் அகலத்தில் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் கீழே! அவ்வளவு கிட்டப் போக எந்த யந்திரமும் கிடையாது.

ஆனால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. விசைகள் ஒன்றானால் புரோட்டான் சாக வேண்டும். ஒரிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும், பாகிஸ்தானின் அப்துஸ் சலாமும்கூட வேறு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

பயப்பட வேண்டாம். புரோட்டானின் ஆயுள் ஒன்றுக்குப் பின் சுமார் 31 சைபர் போட்ட அத்தனை வருஷம்! அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். ஒரு புரோட்டானுக்குப் பதில் கோடானுகோடி புரோட்டான்களைக் கவனித்தால், அவற்றில் ஒன்றிரண்டு நம் கண் முன்னே சாகும்.

பூமிக்கடியில்

பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் 1980-ல் தங்கவயலில் 2,300 மீட்டர் ஆழத்தில் ஒரு கருவியை அமைத்தார்கள். இரும்புத் தகடு, வாயு அடைத்த குழாய், மறுபடி இரும்பு என்று 34 அடுக்கு. மொத்தம் 140 டன். அதற்குள் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களை எண்ணினால், 31 சைபர் ஆயுள் சரியென்றால், வருஷத்துக்கு எட்டுச் சாவு விழ வேண்டும்.

ஏன் இவ்வளவு ஆழம்? வானத்திலிருந்து துகள் மழை ஓயாமல் பெய்கிறது. உங்கள் உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஒன்று வீதம் போய்க்கொண்டே இருக்கிறது. மேலே கருவியை வைத்தால் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இரண்டு கிலோமீட்டர் பாறை, அந்த மழைக்குக் குடை.

சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கத்துக்காக வெட்டிய பள்ளம் அது. அனல் வீசும் பள்ளம். அதுவே விஞ்ஞானத்துக்கும் பயன்பட்டது. 1965-லேயே அங்கே நியூட்ரினோ என்ற துகளைப் பிடித்திருந்தார்கள்.

காவல் வீண்போகவில்லை என்றே முதலில் தோன்றியது. புரோட்டான் செத்ததாகக் கருதத்தக்க சில தடயங்கள் கிடைத்திருப்பதாக 1981-ல் அறிவித்தார்கள். உலகம் பரபரத்தது.

பிறகு அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை நிரப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சாகவில்லை. ஜப்பானில் பார்த்தார்கள். அங்கேயும் இல்லை. தங்கவயல் தடயங்கள் ஊர்ஜிதமாகவில்லை. முதல் கணக்கு சொன்ன ஆயுள் தவறு என்று ஆயிற்று. பின்னர் ஜெனீவாவில் துல்லியமாக அளந்தபோது, மூன்று விசைகளும் ஒரே புள்ளியில் கூடாமல் சற்றே விலகிப் போவதும் தெரிந்தது. நமக்குத் தெரியாத துகள்கள் நடுவில் இருந்தால் கூடலாம் என்கிறார்கள். அந்தத் துகள்கள் இன்னும் அகப்படவில்லை.

விசையின் பலம் தூரத்தோடு மாறுகிறது என்பது மட்டும் அளந்து பார்த்த உண்மை. அதில் சந்தேகமில்லை.

2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பம்புகள் நின்றன. பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. ஜப்பானில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி ஒன்று 1996 முதல் காவல் காக்கிறது. ஒன்றுக்குப் பின் 34 சைபர் வருஷத்துக்கு மேல் புரோட்டானுக்கு ஆயுள் உண்டு என்று அது சொல்லியிருக்கிறது. இதுவரை ஒரு புரோட்டான்கூடச் சாகவில்லை.