கல்லீரல் பாதித்த நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா?

"ஏஎல்டி கூடியிருக்கு. கல்லீரலைக் கவனிக்கணும்."

விலங்கு மருத்துவர் இப்படிச் சொன்னதும் நாய் வளர்ப்போர் மனத்தில் எழும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதுதான். உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "பாக்கெட் உணவை நிறுத்துங்க. பச்சை இறைச்சிக்கு மாத்துங்க, ரெண்டே வாரத்துல தெளிஞ்சிடும்."

மாற்றலாமா?

வேண்டாம். பச்சை இறைச்சி நல்லதா கெட்டதா என்ற பொதுவான விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கல்லீரல் சரியில்லாத நாய்க்கு அதில் தனிப்பட்ட ஆபத்துகள் உண்டு.

இந்த உணவுமுறையைப் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலிய விலங்கு மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். அவருடைய புத்தகம் 1993இல் வெளிவந்தது. இப்போது பலர் பின்பற்றும் கணக்கு: 80 விழுக்காடு இறைச்சி, 10 விழுக்காடு எலும்பு, 10 விழுக்காடு உள்ளுறுப்புகள். அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரலுக்குத் திரும்ப வருவோம்.

கிருமி எங்கே போகிறது?

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குடலிலிருந்து தப்பி வரும் கிருமிகளை அங்குள்ள உயிரணுக்கள் பிடித்து அழித்துவிடும். "நாய் வயித்துக்கு எதுவும் தாங்கும்" என்று சொல்கிறோமே, அதற்கு வயிற்று அமிலம் மட்டும் காரணமல்ல; கல்லீரலின் இந்தக் காவலுக்கும் பங்குண்டு.

கல்லீரல் நலிந்தால் காவலும் நலியும். நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்கு ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாயாக இருந்தால், நோய் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து குறையும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், நாய், பூனைகளுக்கான 196 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15 மாதிரிகளில் சால்மொனெல்லா இருந்தது. 32இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் இருந்தது. 2012இல் அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கமும், கிருமி நீக்காத பச்சை இறைச்சியைச் செல்லப்பிராணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

"ஃப்ரீசரில் வெச்சுட்டா கிருமி செத்துடுமே?" சாகாது. பெரும்பாலும் தூங்கும், அவ்வளவுதான். நாய் தின்ற தட்டு, அது நக்கும் கை ஆகியவை வழியாகக் கிருமி உங்களுக்கும் வரும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

ஈரலில் இருக்கும் செம்பு

சில நாய்களின் கல்லீரல் செம்பை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெட்லிங்டன் டெரியர், லாப்ரடோர், டாபர்மேன் வகைகளில் இது அதிகம் தெரியவந்துள்ளது. சேரும் செம்பு கல்லீரலையே அரிக்கும்.

100 கிராம் மாட்டு ஈரலில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் செம்பு உண்டு. அதே அளவு கோழி ஈரலில் சுமார் அரை மில்லிகிராம்தான். "ஈரலுக்கு ஈரல் நல்லது" என்று நினைத்து மாட்டு ஈரலை ஊட்டுவது, இத்தகைய நாய்க்கு நோயை ஊட்டுவதைப் போன்றது. சமைத்தாலும் செம்பு போகாது.

அப்படியானால் இறைச்சியையே நிறுத்திவிடலாமா?

பலர் தவறுவது இங்கேதான். கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சியும் பூசணியுமாகக் கொடுத்தால் நாயின் தசை கரையும்.

புரதத்தைக் குறைக்க வேண்டிய சூழ்நிலை ஒன்று உண்டு. குடலில் புரதம் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகும். அதைக் கல்லீரல் சுத்தப்படுத்தாவிட்டால் மூளையைப் பாதிக்கும். சில குட்டிகள் பிறக்கும்போதே கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு ரத்தக் குழாயோடு பிறக்கின்றன. யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் வகைகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வளர்க்க அனுமதியுள்ள சிறிய வகைகள் இவை. அதனால் நம் அடுக்குமாடிகளில் இந்தப் பிரச்சினை தலைகாட்டினால் வியப்பில்லை.

அத்தகைய நாய்க்குக்கூடப் புரதம் அறவே கூடாது என்பதில்லை. சிவப்பு இறைச்சியைவிட முட்டை, பால் பொருள், சோயாப் புரதம் அதற்கு ஒத்துப்போகும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே உணவைத் தேர்ந்தெடுக்குமுன் நோயின் பெயர் தெரிய வேண்டும். ஏஎல்டி கூடியிருப்பது ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே. வலிப்பு மருந்துகூட அதைக் கூட்டலாம். பித்த அமிலப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை என்று படிப்படியாகப் போவார்கள். கல்லீரலில் செம்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் எது நோய் என்று தெரியாமல் உணவை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலும் காசு போகும், கூடவே நாளும் போகும்.

கல்லீரல் நோய்க்கென்றே தயாரிக்கப்படும் உணவில் செம்பு குறைவு, துத்தநாகம் கூடுதல். "பாக்கெட் வேண்டாம், நானே சமைக்கிறேன்" என்கிறீர்களா? தாராளமாக. இறைச்சியை முழுவதும் வேக வையுங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு வேண்டாம். இரண்டு பெரிய வேளைக்குப் பதில் நான்கு சிறிய வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

சமையல் குறிப்பை மட்டும் விலங்கு மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரிசீலித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் ஏதாவது ஓர் அத்தியாவசியச் சத்து குறைவாக இருந்தது.

ஏற்கெனவே பச்சை இறைச்சி கொடுத்து வருகிறீர்களா? பதற வேண்டாம். அதே இறைச்சியை இன்றிலிருந்து வேக வைக்கலாம். எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். எலும்பை எடுத்தால் கால்சியம் குறையும். அதற்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நாயின் ஈறோ கண்ணின் வெள்ளையோ மஞ்சளானால், வயிறு வீங்கினால், சாப்பிட்டபின் தள்ளாடினால், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றால், உணவைப் பற்றி யோசிக்காமல் அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.