கலனை மாற்றுவதா, நிரப்புவதா?

ஹெந்தளைக்கு அண்மையிலுள்ள கெரவலப்பிட்டியவில் சமையல் எரிவாயுவைச் சேமித்துக் கலன்களில் அடைக்கும் நிலையம் ஒன்று உண்டு. இலங்கையில் நிறைகலனைப் பெற்று வெறுங்கலனைத் திருப்பிக் கொடுப்பதே வழக்கம். மேலைநாடுகளிலோ, வீட்டு வண்டியில் ஊர் சுற்றுவோர் சொந்தக் கலனை வண்டியிற் பொருத்தி, நிரப்பு நிலையத்தில் தாமே நிரப்பிக்கொள்வதும் உண்டு. இவற்றுள் எது நன்று?

சொந்தக் கலனில் எஞ்சிய வாயு வீணாவதில்லை. ஆனால் வெப்பத்தால் திரவம் விரியுமாதலின், கொள்ளளவில் 80 விழுக்காட்டோடு நிரப்புதலை நிறுத்தும் அடைப்பான் அதற்கு இன்றியமையாதது. மாற்றுக் கலனையோ நிலையத்தில் எடை நிறுத்தே நிரப்புகிறார்கள். அதைச் சோதிக்கும் பொறுப்பும் நிறுவனத்தினுடையது.

ஆகவே, உணவு வண்டி நடத்துவோர் பெரிய கலனிலிருந்து சிறிய கலனுக்குத் தாமே வாயுவை இறக்க முயல்வது பேராபத்து. அளவு மிஞ்சலாம், கசியும் வாயு காற்றினும் கனமாதலால் தரையிலே தங்கி, ஒரு பொறியில் தீப்பற்றும்.

2022-இல் வெறுங்கலன்களோடு மக்கள் வரிசையில் காத்துநின்றதை இலங்கை மறவாது. வாயுவே வராத காலத்தில் எம்முறையும் பயன்படாது. எனவே மாற்றுக் கலன் இரண்டு வைத்து, ஒன்று தீர்ந்தவுடன் அதனை மாற்றிக்கொள்வதே இந்நாட்டு வண்டிக்கு ஏற்ற வழி.